எந்த ஊர் மண்

கிராக்டேல் மண்ணைக் கவ்வியது என்று
சனிக்கிழமை இரவு மதுக்கடையில் பேசிக்கொள்வார்கள்.
எந்த ஊர் மண் என்று
திங்கட்கிழமை காலை எனக்குத்தான் தெரியும்.

கிரிம்ஸ்பி மண்ணில் மீன்செதிள் மினுங்கும்.
பார்ன்ஸ்லி மண் கரி.
மூன்று அலசலுக்கும் தண்ணீர் கறுப்பாகவே போகும்.
கிளாசப்பில் மழை, எப்போதும் மழை.
அந்த மண் நூலுக்குள் குடியேறிவிடும்
வாடகை தராத குடித்தனக்காரன் போல.
எங்கள் மண் மஞ்சள்.
தோல் பதனிடும் தொழிற்சாலை ஓடை
மைதானத்தின் வடக்கு மூலையில் பொங்குவதால்
அதன் நாற்றத்தை எந்தச் சோப்பும் வென்றதில்லை.
இந்த சீசனில் இங்கே தோற்காதது அது ஒன்றுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழு, செப்டம்பர்.
பதினோரு சட்டைகள்,
அரக்குச் சிவப்பும் நீலமும் பட்டை பட்டையாக.
ஒன்றுக்கு ஒன்றரைப் பென்னி.
செயலாளர் ஆம்ப்ளர் ஸ்டாட் கணக்கில் எழுதிக்கொண்டார்:
கெஸையா ஆர்மராட், சலவை.
எழுதியதோடு சரி.
ஜனவரிக்குப் பிறகு காசு வரவில்லை.

நான் ஆட்டம் பார்த்ததில்லை.
சனிக்கிழமை மதியம் டாக்டர் வீட்டுப் படுக்கை விரிப்புகள்.
கொல்லைச் சுவருக்கு அப்பால் இரைச்சல் எழும்,
பாதியில் அறுந்து விழும்.
அறுந்தால், பந்து கம்பத்தில் பட்டது.
அறுபடாமல் நீண்டால் கோல்.
நீண்டதை விரல்விட்டு எண்ணலாம்.

மற்றதைச் சட்டைகள் சொல்லும்.
கோல்காப்பாளர் எபனீசர் த்ரூப்பின் சட்டை
முன்பக்கம் முழுக்கச் சேறு என்றால் நான்கு கோல்.
முதுகும் சேறு என்றால் ஆறு.
ஜாப் ஃபீல்டன் சட்டை தோளில் கிழிந்து வரும்:
யாரோ பிடித்து இழுத்திருக்கிறார்கள்,
அதாவது அவனுக்கும் யாரோ பயந்திருக்கிறார்கள்.
இடது ஓரத்து வில்ஃப்ரட் ஹார்ஜெஸ்ட் சட்டையைத்
துவைக்கவே வேண்டியதில்லை.
போன ஈஸ்டரில் கால் ஒடிந்தவன்.
எலும்பு கூடிவிட்டது என்றார் டாக்டர்.
அதையும் மற்றவற்றோடு சேர்த்தே ஊறவைத்தேன்.
கொடியில் தொங்கும்போது
எது யாருடையது என்று தெருவுக்குத் தெரியக்கூடாது.

மார்ச்சில் ஒரு திங்கள்
மூட்டையில் சுத்தமான சட்டையைத் தேடினேன்.
இல்லை.
கழுத்தின் உட்புறம் நான் தைத்த எழுத்தைப் பார்த்துத்தான்
கண்டுபிடித்தேன்.
முழங்கை வரை மஞ்சள் சேறு.
மார்பில் ஒரு பூட்ஸ் தடம், ஆணி ஆணியாக.
ஒன்றுக்கு இரண்டில் தோற்றோம் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.
காதில் விழாத மாதிரி தேய்த்தேன்.
தடம் போக நேரமாயிற்று.
நானும் அவசரப்படவில்லை.

ஏப்ரலில் சாயம் வெளுத்தது.
அணியின் சாயம் டிசம்பரிலேயே வெளுத்துவிட்டது,
நான் சட்டையைச் சொல்கிறேன்.
முப்பத்தெட்டு ஆட்டம், பத்தொன்பது புள்ளி.
இரண்டாம் டிவிஷனின் இருபதாவது இடம்.
அதற்குக் கீழே தரைதான்.

கடைசியில் நிற்பவர்கள் லண்டனுக்குப் போய்
மற்ற கிளப்புகளிடம் ஓட்டுக் கேட்க வேண்டுமாம்,
அடுத்த வருஷமும் எங்களைத் தோற்கடியுங்கள் என்று.
ஸ்டாட் தன் கழுத்துப்பட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார்.
கஞ்சி கெட்டியாக இருக்கட்டும், கத்தி மாதிரி நிற்கட்டும் என்றார்.
கையேந்தப் போகிறவருக்கு எதற்கு இத்தனை விறைப்பு?
கேட்கவில்லை. கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது பட்டை தொய்ந்திருந்தது.
இரண்டு ஓட்டில் பிழைத்தோம்.
தெருவில் பானை தட்டினார்கள்.
பாக்கிக்கு ஈடாகப் பழைய சட்டைகள் பதினொன்றும் எனக்கு.
வெட்டித் தைத்தேன்.
த்ரூப்பினுடையது தரை துடைக்க, அதற்குப் பழக்கம்தான்.
ஹார்ஜெஸ்டினுடையது என் சின்னவனுக்கு.
அதிகம் உழைக்காத துணி,
மூன்று குளிர்காலம் தாங்கும்.

ஆகஸ்டில் புதுப் பெட்டி வந்தது.
அதிர்ஷ்டம் மாற வேண்டுமென்று
கமிட்டி நிறத்தை மாற்றியிருக்கிறது, ஏகமனதாக.
ஸ்டாட் மூடியைத் திறந்து
பெருமையோடு ஒதுங்கி நின்றார்.

வெள்ளை.

பதினொன்றும் வெள்ளை.
வடக்கு மூலையில் ஓடை பொங்குவது
அங்கிருந்தே எனக்குக் கேட்டது.
ஒன்றுக்கு இரண்டு பென்னி என்றேன்.
முன்பணம்.